கடலும் நிறமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கறுப்பினக் கடலியலாளர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பல தகவல்கள் எனக்குப் புதியவை. ஆனால் ஒரு நெருடல். ஒருவரை அவர் செய்த ஆராய்ச்சிக்காகப் பாராட்டினால் போதாதா? கறுப்பர் என்று தனியாகச் சொல்லிக் கொண்டாடினால் அறிவியலுக்குள் நிறத்தைக் கொண்டுவந்ததாக ஆகாதா?

ம.

அன்புள்ள ம.,

சரி, நீங்கள் சொல்வதுபோலவே எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட் என்ற அமெரிக்கக் கறுப்பின உயிரியலாளரின் ஆராய்ச்சியை மட்டும் பார்ப்போம்.

1909 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், கோடைதோறும் அவர் மாசசூசெட்ஸ் கடற்கரையிலுள்ள வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குப் போனார். நீரிஸ் என்ற கடற்புழு அங்கே நிலவில்லாத கோடை இரவுகளில் முட்டையிட மேலே வரும். விளக்கைக் காட்டினால் வெளிச்சத்துக்கு வந்து கூடும், அள்ளிக்கொள்ளலாம். அந்த முட்டைகளை வைத்துத்தான் 1912இல் அவர் தன் ஆய்வுக் கட்டுரையை எழுதினார். விந்தணு நுழைந்த இடத்தை ஒட்டியே முட்டை முதல்முறை இரண்டாகப் பிளக்கிறது என்று காட்டினார்.

அப்புறம் மணல் டாலர் என்ற, முட்தோல் கொண்ட கடல் உயிரிக்குப் போனார். விந்தணு தொட்ட இடத்தில் தொடங்கி முட்டையின் மேற்பரப்பு முழுக்க ஒரு மாற்றம் அலையாகப் பரவுகிறது. அலை கடந்த இடத்தில், முட்டையைச் சுற்றிச் சவ்வு எழும்புவதற்கு முன்பே, இன்னொரு விந்தணுவால் நுழைய முடிவதில்லை. உட்கருவின் மீதே பலரும் கண்ணாக இருந்த காலத்தில் செல்லின் மேற்பரப்பை இவ்வளவு பொறுமையாகக் கவனித்தவர் அவர். முட்டைகளைப் பக்குவம் கெடாமல் கையாளத் தெரிந்தவர் என்று பெயர் பெற்றிருந்தார். மற்ற ஆய்வாளர்கள் அவரிடம் வந்து யோசனை கேட்டார்கள்.

ஆனால் அவர்கள் வேலை பார்த்த பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் எதிலும் அவருக்கு இடமில்லை. 1916இல் சிகாகோவில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகும், கறுப்பின மாணவர்களுக்கான ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே கிடைத்த நேரத்தில்தான் ஆராய்ந்தார். 1929 முதல் நேப்பிள்ஸ், பெர்லின் என்று ஐரோப்பிய ஆய்வகங்களைத் தேடிப் போனார். 1940இல் பிரான்ஸில் ஜெர்மானியர் அவரைச் சிறைவைத்தார்கள். விடுபட்டு ஊர் திரும்பியவர் மறு ஆண்டே புற்றுநோயில் இறந்தார். ஏன் ஒருவர் ஆராய்ச்சி செய்ய நாடுவிட்டு நாடு போனார் என்ற கேள்விக்கு, நிறத்தை விட்டுவிட்டு எப்படிப் பதில் சொல்வது?

ஜோன் மரெல் ஓவன்ஸ் கதையும் இப்படித்தான். மயாமியில் பிறந்து சிறுவயதிலேயே கடல்மீது ஆசைப்பட்டவர். அவர் சேர்ந்த ஃபிஸ்க் என்ற கறுப்பினக் கல்லூரியில் கடல் உயிரியல் கிடையாது, நுண்கலை படித்தார். ஆசிரியர் வேலை பார்த்துவிட்டு, 1970இல் முப்பதுகளின் இறுதியில், மறுபடி மாணவியாகச் சேர்ந்து நிலவியல் வழியாகப் பவளங்களுக்கு வந்தார். ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவமாக்கும் அரிவாள் செல் மரபுக்கூறு இருந்ததால் கடலில் மூழ்கி ஆராய வழியில்லை. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் சேர்த்துவைத்திருந்த ஆழ்கடல் பொத்தான் பவளங்களை எடுத்து உட்கார்ந்தார். 1986இல் ஒரு புதிய பேரினத்தையே விவரித்தார்.

நான் கொண்டாடுவது இந்த ஆராய்ச்சியைத்தான். நிறத்தைச் சொல்லாவிட்டால் இதற்கு அவர்கள் கொடுத்த விலை கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. அது எனக்குச் சம்மதமில்லை.

ஜஸ்ட்டிடம் மாணவியாக வுட்ஸ் ஹோலில் வேலை செய்து, 1940இல் விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணான ரோஜர் ஆர்லினர் யங் பற்றி விரைவில் தனியாக எழுதுகிறேன்.