555 டைமர் போட்டும் எல்இடி ஏன் மினுங்கவில்லை?

எல்இடியை மினுங்க வைக்கும் 555 டைமர் ஐசியை (சிப்பை) சர்க்யூட் படத்தில் உள்ளபடியே பிரெட்போர்டில், அதாவது பாகங்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகையில், இணைத்தும் எல்இடி மினுங்கவில்லை என்கிறீர்கள். உடனே ஐசியை மாற்றிவிடாதீர்கள், பெரும்பாலும் அது நன்றாகத்தான் இருக்கும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஐசியின் 1, 8 ஆகிய கால்களையே தொட்டுப் பாருங்கள். சப்ளை 9 வோல்ட் என்றால் அங்கேயும் 9 வர வேண்டும். வரவில்லையா? நீளமான போர்டுகள் பலவற்றில் ஓரத்து சப்ளை வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். சிவப்புக் கோடு அங்கே விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சின்ன ஒயரால் இணைத்தால் போதும். நானும் முதலாமாண்டில் ஒரு மதியம் முழுக்க இதில்தான் தவித்தேன்.

வோல்டேஜ் சரியென்றால் 4-ஆம் கால் 8-உடன் சேர்ந்திருக்கிறதா, எல்இடி தலைகீழாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். 1 கிலோஓம், 68 கிலோஓம் ரெசிஸ்டர்களும் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போட்டால் நொடிக்கு ஏறக்குறைய ஒருமுறை மினுங்கும், கண்ணாலேயே சோதித்துவிடலாம்.