லோட் பொத்தானில் கை வைக்காதீர்கள்

அன்புள்ள அண்ணா,

பால்டர்ஸ் கேட் 3 என்ற கம்ப்யூட்டர் கேமை ஆடி முடித்துவிட்டேன். அதில் ஒருவரைப் பேசி மசிய வைக்கவும் பகடை உருட்ட வேண்டும்; அது சரியாக விழாதபோதெல்லாம், முன்பு சேமித்து வைத்த கட்டத்தை லோட் செய்து, அங்கிருந்து மறுபடி உருட்டினேன். எல்லோரையும் காப்பாற்றினேன், எல்லாவற்றையும் ஜெயித்தேன். ஆனாலும் ஏனோ வெறுமையாக இருக்கிறது. இப்படி நாமே ஒரு பாத்திரமாக மாறி ஆடும் ரோல்பிளேயிங் கேமில் நல்லது என்று எதை வைத்துச் சொல்வது? கிராபிக்ஸா, மேப்பின் அளவா, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதா? அடுத்து எதை ஆடலாம்?

(பெயர் வேண்டாமே)

அன்புள்ள தம்பி,

கிராபிக்ஸை விடுங்கள். மேப்பையும் விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ‘மறுபடி உருட்டினேன்’தான். கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் தம்பி திரும்பிப் போனீர்கள்? 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டு வந்தபோது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி ஆடினார்கள். விழுந்த எண் விழுந்ததுதான். அதை வைத்துத்தான் கதை மேலே நகரும். நீங்கள் ஆடியது அந்த விதிகளின் வாரிசு. தோற்றால் என்ன ஆகும் என்பதற்கும் வசனம் எழுதி, குரல் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதைக் காது கொடுத்துக் கேட்காமல் துடைத்துப் போட்டுவிட்டு வெறுமை என்கிறீர்கள். வேறு எப்படி இருக்கும்?

ஒரு பாத்திரத்தால் எது முடியாது என்பதில்தான் அந்தப் பாத்திரமே இருக்கிறது. 1998-ல் வந்த ஃபால்அவுட் 2 கேமில், தொடக்கத்தில் நாயகனின் பலம், புத்தி என்று ஒவ்வொன்றுக்கும் நாமே புள்ளி வைக்க வேண்டும்; புத்திக்கு மூன்று புள்ளியோ அதற்கும் கீழோ வைத்தால் நாயகனுக்குப் பேச்சு வராது. முனகுவான், உளறுவான். ஜனங்கள் எரிந்து விழுவார்கள், பல வேலைகளை அவனை நம்பித் தரவே மாட்டார்கள். அப்படி ஒருவனைத்தான் நான் கிளாமத் ஊருக்குக் கூட்டிப்போனேன். அங்கே டோர் என்று ஒருவன், இரட்டைத்தலை மாடு மேய்க்கிறவன். அவனுக்கும் புத்தி மந்தம், பேச்சு அரைகுறை. இருவரும் பேச ஆரம்பித்ததும் பார்த்தால், இரண்டு பண்டிதர்கள் சந்தித்த மாதிரி அத்தனை நயமாக, முழு முழு வாக்கியங்களில் உரையாடுகிறார்கள்! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கெட்டிக்கார நாயகனை வைத்து ஆடுகிறவர் கண்ணில் அந்த உரையாடல் படவே படாது. எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று கணக்குப் போடாமல் எழுதியிருக்கிறார்கள். நல்ல கேம் எது என்று கேட்டீர்களே, என் பதில் அந்த மாட்டுக்காரன்தான்.

நீங்களோ எல்லாம் தெரிந்தவனாக, எல்லோருக்கும் பிடித்தவனாக, ஒரு தடவைகூட வாய் குழறாதவனாக ஊரைச் சுற்றி வந்திருக்கிறீர்கள். அப்படி ஒரு மனிதனை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? அவனோடு அத்தனை மணி நேரம் இருந்தால் யாருக்குத்தான் சலிக்காது?

சரி, அடுத்து டிஸ்கோ எலிசியம் ஆடுங்கள், 2019-ல் வந்தது. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துபோன போலீஸ்காரன் கதை. விடுதிப் பாக்கியைக் கட்டாமல் ஓடப் பார்ப்பான். பகடை கவிழ்ந்தால் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு அம்மா மேலேயே போய் விழுவான். விழட்டும். எழுந்து அந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுங்கள், நல்ல மனுஷி. ஆடிவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்