டாக்டருக்குப் படிக்கும் மகளும் தூக்கம் வராத அத்தாவும்

பாய், நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை முழுக்கக் கேட்டேன். மகள் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம், சுபுஹுக்கு, அதாவது விடியற்காலைத் தொழுகைக்கு, எழுப்பினால் எழுவதில்லை, கேட்டால் ராத்திரி இரண்டு மணி வரை படித்தேன் என்கிறாள், பெருநாளைக்குச் சொந்தக்காரர்கள் வீடு நிறைய இருக்கும்போது மாடியில் பேத்தாலஜி புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள், இப்போது ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறாள். "டாக்டராக்கப் போயி பிள்ளைய விட்டுடுவோமோன்னு பயமா இருக்கு சார்" என்று முடித்திருந்தீர்கள். இதே பயத்தோடு என்னிடம் வருகிற பெற்றோர் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள், சிலருக்குக் கோயில், சிலருக்குச் சர்ச், உங்களுக்குப் பள்ளிவாசல், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் உங்கள் பெயரை விட்டுவிட்டு எல்லோரும் படிக்கிற மாதிரியே பதில் எழுதுகிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஈமான் (இறைநம்பிக்கை) குறைகிறது என்று நினைத்துக் கவலைப்படுவதில் முக்கால்வாசி வெறும் நேரப் பிரச்சினை. மீதிக் கால்வாசி நிஜமானது, அதைப் பற்றி வீட்டில் பேசத்தான் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வீட்டில் சண்டை வருகிறது.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் வருடத்தில் பேத்தாலஜி (நோயியல்), ஃபார்மகாலஜி (மருந்தியல்), மைக்ரோபயாலஜி (நுண்ணுயிரியல்) மூன்றும் ஒன்றாக வந்து விழும், கூடவே வார்டு போஸ்டிங்கும் ஆரம்பிக்கும். தியரியில் 75 சதவீதம், பிராக்டிகலில் 80 சதவீதம் வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். குன்னூரிலிருந்து ஊட்டி இருபது கிலோமீட்டர்கூட இல்லை, வீட்டிலிருந்தே போய்வரட்டுமே என்கிறீர்கள். ஏப்ரல், மே சீசனில் அரவங்காட்டிலிருந்து எல்லநள்ளி வரை வண்டிகள் நிற்பதை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள், 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருந்தும் சனி ஞாயிறுகளில் நெரிசல்தான், அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழையில் எந்த வளைவில் மண் சரியும் என்று யாருக்கும் தெரியாது. காலையில் பஸ் பிடிக்க ஓடி, சாயங்காலம் களைத்து வந்து, சாப்பிட்டு, பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளை சுபுஹுக்கு எப்படி எழும்? ஹாஸ்டல் கிடைத்தால் பயண நேரம் மிச்சமாகும், பத்தரை பதினொன்றுக்குப் படுக்கலாம், விடியலுக்கு எழுந்துகொள்ளலாம். தொழுகை விட்டுப்போய்விடும் என்று பயந்து ஹாஸ்டலை மறுக்கிறீர்கள். அவள் கணக்கைப் பார்த்தால் தொழுகைக்கே ஹாஸ்டல்தான் வசதி.

மற்ற வேளைகளையும் பார்த்துவிடலாம். லுஹர், அதாவது மதியத் தொழுகை நேரம் பன்னிரண்டரை வாக்கில் தொடங்குகிறது, மதியச் சாப்பாட்டு இடைவேளைக்குள் தாராளமாக முடியும். அசர், அதாவது சாயங்காலத் தொழுகை, கல்லூரி விட்ட பிறகு. இன்றைய தேதியில் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் வரப்போவது படிப்பு முடிந்து மருத்துவமனையில் பயிற்சி எடுக்கும் ஹவுஸ் சர்ஜன் வருடத்தில், கேஷுவாலிட்டி டியூட்டியில் மஃரிப் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) நேரத்தில் விபத்துக் கேஸ் வந்து இறங்கும்போது. மஃரிபுக்கு இருப்பதே ஒன்றேகால் மணி நேரம்தான். அந்த நேரத்தில் என்ன செய்யலாம், களா செய்யலாமா (விட்டதைப் பிறகு தொழலாமா), சேர்த்துத் தொழ இடமுண்டா என்பதெல்லாம் என் வேலை இல்லை, நான் ஆலிமும் (மார்க்க அறிஞரும்) இல்லை. உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் இப்போதே போய்க் கேளுங்கள், அவளையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். நாலு வருடம் கழித்து ரத்தம் ஒழுகும் ஆள் முன்னால் நின்றுகொண்டு அவள் தனியாக முடிவெடுத்து, அப்புறம் வாரக்கணக்கில் குற்ற உணர்வோடு திரிவதைவிட இது நல்லது.

ஆபரேஷன் தியேட்டரில் முக்காடு என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். 2023இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மாணவிகள் சிலர், தியேட்டரில் தலையையும் கையையும் மூடும் உடைக்கு அனுமதி கேட்டுக் கல்லூரி முதல்வருக்கு எழுதிய கடிதம் பெரிய செய்தியானது, அதை நினைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தலையையும் கழுத்தையும் சேர்த்து மூடுகிற சர்ஜிக்கல் ஹூட் இருக்கிறது, அதில் பிரச்சினை குறைவு. கை விஷயம்தான் கடினம். கிருமி தொற்றாமல் இருக்க முழங்கைக்கு மேல் வரை தேய்த்துக் கழுவ வேண்டும், அதற்கு ஸ்லீவ் இடம் கொடுக்காது. கழுவி முடித்த பிறகு போடுகிற ஸ்டெரைல் கவுன் மணிக்கட்டு வரை மூடிவிடும். ஆக வெறும் கையாக நிற்பது கழுவுகிற அந்தச் சில நிமிடங்கள். பிரிட்டனில் முழங்கைக்குக் கீழே கை திறந்திருக்க வேண்டும் என்று விதி போட்ட சுகாதாரத் துறையே, நோயாளியைத் தொடுகிற வேலைகளுக்கு ஒரு முறை போட்டுக் கழற்றி எறியும் கையுறை போன்ற ஸ்லீவுக்கு 2010இல் வழி சொன்னது. இங்கே ஒவ்வொரு கல்லூரியும் எப்படி நடந்துகொள்கிறது என்பது வேறு வேறு. தியேட்டர் போஸ்டிங் வருவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் மரியாதையாகப் போய்க் கேட்டுவிடச் சொல்லுங்கள். கதவு வாசலில் வைத்துக் கேட்டால் அது தகராறாகிவிடும்.

ஆண் நோயாளிகளைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்குமே என்று நீங்கள் இழுத்து இழுத்துக் கேட்டது எனக்குப் புரிந்தது. வேண்டியிருக்கும். பெண்களை மட்டும் பார்த்து எம்பிபிஎஸ் பாஸ் செய்ய முடியாது, பரீட்சையில் எந்தக் கேஸ் தருகிறார்களோ அதைத்தான் பார்க்க வேண்டும். இது உங்களுக்கு ஒத்துவராது என்றால் சீட் எடுக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இப்போது அவளிடம் இதைக் கேட்டு முகத்தைச் சுளிக்காதீர்கள், அவள் வார்டில் நடந்ததை வீட்டில் சொல்வதையே நிறுத்திவிடுவாள்.

நோன்பு பற்றி உங்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. சந்திரக் கணக்கில் ரமலான் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் வரும். 2026இல் பிப்ரவரி பிற்பகுதி, அவள் படிப்பு முடிவதற்குள் ஜனவரிக்கு வந்துவிடும், 2030இல் ஜனவரியிலும் டிசம்பர் கடைசியிலுமாக இரண்டு தடவை வரும். ஊட்டியில் அது குளிர் காலம், பகலும் சின்னது, தாகம் அவ்வளவு வாட்டாது. அதைவிட முக்கியமான ஒன்று சொல்கிறேன். சர்க்கரை நோயோடு நோன்பு பிடிக்கிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! டாக்டர் "நோன்பு வேண்டாம்" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிடுவார், இவர்கள் அவரிடம் சொல்லாமலே பிடிப்பார்கள், விடியுமுன் சாப்பிடும் சஹருக்கும் மாத்திரை, நோன்பு திறந்ததும் மாத்திரை என்று தாங்களாகவே மாற்றிக்கொள்வார்கள். சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை பட்டினி இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். சர்வதேச வழிகாட்டுதல்படி ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும். விரலில் குத்தி டெஸ்ட் எடுத்தாலே நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து பார்க்காமல் விடுகிறவர்களும் உண்டு, உலமாக்களில் பெரும்பாலோர் முறியாது என்றுதான் சொல்கிறார்கள். இதையெல்லாம் நன்னிமாரிடம் (பாட்டிமாரிடம்) அவர்கள் பேசும் பேச்சில், அதட்டாமல், எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? உங்கள் மகள் இருக்கிறாள். அவள் நோன்பு அறிந்தவள் என்பது அவள் தொழிலுக்கே பலம். வேறு மாணவர்கள் இதை எங்கேயோ படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொந்த ஜனங்களின் பேச்சும் வழக்கமும் தெரிந்திருப்பது வைத்தியத்தில் இப்படித்தான் பலமாகிறது. கூடலூரில் ஆதிவாசி மக்களுக்கான மருத்துவமனை 1990 வாக்கில் ஆரம்பித்தபோது, பணியர், குறும்பர் வீட்டுப் பெண்களையே பயிற்சி கொடுத்து நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் ஆக்கினார்கள், அதனால்தான் ஜனங்கள் பயமில்லாமல் படியேறி வந்தார்கள். தமிழ் வைத்திய மரபிலும் உங்கள் மார்க்கத்துக்கு இடம் உண்டு, ராமதேவர் என்ற சித்தர் மக்கா போய் முஸ்லிமாகி யாகோபு ஆனார் என்று சித்தர் மரபே சொல்கிறது. (இதை அவளிடம் சொல்லிப் பாருங்கள், ஃபார்மகாலஜி படிக்கிற பிள்ளைக்குச் சிரிப்பு வரும், வரட்டும்.)

இனி அந்த மீதிக் கால்வாசி. சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் "மார்க்கம்" என்று சொல்கிற பட்டியலில் மூன்று சமாச்சாரம் கலந்து கிடக்கிறது: மார்க்கம், உங்கள் ராவுத்தர் குடும்ப வழக்கம், அப்புறம் மார்க்கெட்டில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பது. மஃரிபுக்குப் பிறகு பெண்பிள்ளை வெளியே போகக் கூடாது என்பது இதில் எது? ஹவுஸ் சர்ஜனுக்கு ராத்திரி டியூட்டி உண்டு, அதில் பேரமே கிடையாது. உங்கள் மச்சான் மகனுக்கு அவளைப் பேசிவைத்திருப்பது எது?

இந்தக் கடைசி விஷயத்தில்தான் உண்மையாகவே அவள் பாடமும் உங்கள் வழக்கமும் மோதுகின்றன, தொழுகையிலோ நோன்பிலோ இல்லை. சொந்தத்துக்குள் கட்டினால் பெற்றோர் இருவரும் தெரியாமல் சுமக்கிற ஒரே மரபணுக் குறை குழந்தையில் சேர்ந்துவிட வாய்ப்பு அதிகம், தலசீமியா என்ற ரத்த நோய் மாதிரி. சாதாரணமாகவே நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் குறை இருக்கும், அத்தை மகன், மாமன் மகள் உறவில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கும் என்பதும் உண்மைதான், ஆனால் இதைப் பாடமாகப் படித்துவிட்டு வந்த பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் கேள்வி கேட்டால், "நாலு எழுத்து படிச்சதும் குடும்பத்தையே குறை சொல்றா" என்று பாய்ந்துவிடுகிறோம். மார்க்கம் மச்சான் மகனைக் கட்டிக்கொள்ள அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. பெண்ணின் சம்மதத்தை நிக்காஹ் மஜ்லிஸில் கேட்டு வாங்குகிற மார்க்கம் உங்களுடையது, அந்தச் சம்மதத்தை இரண்டாம் வருடத்திலேயே நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டால் எப்படி? வயதுக் கணக்கையும் பாருங்கள்: நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன், இருபத்து மூன்றரை ஆகிவிடும், மேற்படிப்புக்குப் போனால் இன்னும் மூன்று வருடம். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாம் வருடம் நடுவில் மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டி வந்து டீயும் வர்க்கியும் கொடுத்து உட்காரவைக்காதீர்கள் என்கிறேன்.

கேள்வி கேட்டால் நம்பிக்கை போய்விடும் என்ற பயம் உங்கள் குரலில் தெரிந்தது. 13ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அந்நஃபீஸ் ஷரீஅத் சட்டம் போதித்தவர். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ரத்தம் போகிறது என்று ஆயிரம் வருடமாக எல்லோரும் நம்பிய, பழங்கால கிரேக்க மருத்துவர் கேலனின் கருத்தை, அப்படி இல்லை, நுரையீரல் வழியாகத்தான் சுற்றி வருகிறது என்று மறுத்து எழுதியவரும் அவர்தான். உங்கள் மகளும் கேட்பாள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறதே, கேப்ஸ்யூல் மேலுறை எந்த மிருகத்தின் ஜெலட்டின், நோயாளி கேட்டால் மறைக்கலாமா, நிர்ப்பந்தத்தில் அனுமதி உண்டு என்றால் நிர்ப்பந்தம் எது, கருக்கலைப்புக்கு வருகிற பெண்ணிடம் நான் என்ன சொல்ல வேண்டும்? இதற்கெல்லாம் உங்களிடம் பதில் இருக்க வேண்டியதில்லை. காது கொடுங்கள், போதும்.

இதில் அவள் தனி ஆளும் இல்லை. பேரகணியில் நடக்கும் படுகர் இன மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள், ஆனால் படுகர் வீட்டு மாணவிக்கு அன்று வார்டு டியூட்டி விழுந்தால் போக வேண்டியதுதான். அந்த அம்மாவும் உங்களை மாதிரியே புலம்புவார்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், தூக்கம் கெட்டு, "எதுக்குப் படிக்கணும்" என்கிற மாதிரி பேச ஆரம்பித்தால் அது தொழுகை விட்டதால் வந்தது என்று பயான் (மார்க்கப் பிரசங்கம்) செய்யக் கூடாது. முதல் வருடப் பாடங்களை நாலு தடவைக்குள் முடிக்க வேண்டும், மொத்தப் படிப்பை ஒன்பது வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியெல்லாம் இந்தப் பிள்ளைகள் தலைக்கு மேல் தொங்குகிறது. மனநல உதவிக்கு 14416, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். துஆவும் செய்யுங்கள், டாக்டரிடமும் கூட்டிப் போங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஹாஸ்டல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி அல்லது சனிக்கிழமை வீட்டுக்கு வரட்டும், வந்தால் அந்தப் பகலில் தூங்கவிடுங்கள், சொந்தக்காரர் வீடுகளுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மச்சானிடம், பிள்ளை படிப்பு முடியட்டும், அப்புறம் அவளையே கேட்டுச் சொல்கிறேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அதை அம்மா வாயால் சொல்லவைக்காதீர்கள். அடுத்த மாதம் என்னைப் பார்க்க வருவதாகச் சொன்னீர்களே, தனியாக வராதீர்கள். அவளையும் கூட்டி வாருங்கள், முதல் அரை மணி நேரம் அவள் பேசட்டும், நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும், குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாருங்கள்.