அவை முடங்கினால் பழி யாருக்கு?

நாடாளுமன்ற முடக்கம் பற்றி நீலகிரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கோஷம் போட்டு அவையை நிறுத்துவது எதிர்க்கட்சிதானே? பெரும்பான்மை உள்ளவர்கள் எதற்கு முடக்கப் போகிறார்கள்? (வாசகர், கோத்தகிரி)

கூச்சல் டிவியில் தெரியும். ஒரு மசோதாவை எடுக்காமலே போட்டு வைப்பது தெரியாது. மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. பிரதான எதிர்க்கட்சியும் இடதுசாரிகளும் ஆதரித்தே வாக்களித்தார்கள். அப்புறம்? மக்களவையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. அரசை வெளியிலிருந்து தாங்கிய சில கட்சிகள் அதை எதிர்த்தன. அவர்களைப் பகைக்க அரசுக்கு மனமில்லை. 2014-இல் மக்களவையின் காலம் முடிந்ததும் மசோதாவும் காலாவதி. அந்த ஒதுக்கீட்டுக்கான சட்டத்திருத்தம் நிறைவேற 2023 ஆயிற்று.

2010-இல் நம் எம்.பி. விவகாரத்தில் ஒரு கூட்டத்தொடரே வீணானதே, அது யார் தவறு? (குன்னூர்)

2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு விவகாரம். தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த நீலகிரி எம்.பி. ஆ. ராசா நவம்பரிலேயே பதவி விலகிவிட்டார். ஆனாலும் எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றக் கூட்டுக்குழு (இரு அவை உறுப்பினர்களும் அடங்கிய குழு) விசாரணை கேட்டு விடாப்பிடியாக நின்றன, அரசு முடியாது என்றது. குளிர்காலக் கூட்டத்தொடர் கிட்டத்தட்ட முழுவதும் போயிற்று. அதே கூட்டுக்குழுவுக்கு 2011 பிப்ரவரியில் அரசு சம்மதித்தது! அதனால் பழியில் பெரும்பங்கை அரசின் கணக்கில்தான் எழுதுவேன். (வழக்கில் ராசா உட்பட அனைவரையும் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது.)

அமெரிக்க செனட்டில் 100 பேரில் 51 பேர் போதாதா? (கல்லூரி மாணவி, உதகை)

மசோதா நிறைவேறப் போதும். ஆனால் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே பெரும்பாலும் 60 பேர் வேண்டும். 1975 முதல் இந்தக் கணக்கு. ஆக, 41 பேர் சேர்ந்தால் முட்டுக்கட்டை போட்டுவிடலாம். பெரும்பான்மையும் சளைத்ததல்ல: 2016-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு அதிபர் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை, செனட்டில் பெரும்பான்மையாக இருந்த எதிர்க்கட்சி நியமன விசாரணைக்குக்கூட அழைக்காமல் மாதக்கணக்கில் காக்க வைத்தது.

நம் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா மீது இரு அவைகளும் முரண்டு பிடித்தால்? (கூடலூர்)

இரு அவைகளும் சேர்ந்து உட்காரும் கூட்டுக் கூட்டம். 1961, 1978, 2002 என்று மூன்றே முறை சட்டம் இயற்றக் கூடியிருக்கிறது. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அந்த வழி கிடையாது.

பச்சைத் தேயிலை விலைக்கு எங்கள் எம்.பி. தனிநபர் மசோதா கொண்டுவரலாமா? (சிறு விவசாயி, கோத்தகிரி)

தாராளமாகக் கொண்டுவரலாம். அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவதுதான் தனிநபர் மசோதா. ஆனால் அப்படி ஒரு மசோதா கடைசியாகச் சட்டமானது 1970-இல். வெள்ளிக்கிழமை பிற்பகலில் கொஞ்ச நேரம் ஒதுக்குவார்கள், பேசுவார்கள், அமைச்சர் கேட்டுக்கொள்ள உறுப்பினர் திரும்பப் பெறுவார். சரி, வேறு என்ன செய்யலாம்? வர்த்தக அமைச்சகத்துக்கு நட்சத்திரக் குறியில்லாத கேள்வி போடச் சொல்லுங்கள். அதற்கு எழுத்தில்தான் பதில் வரும். அன்று அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டாலும் பதில் பதிவாகிவிடும்.