ஒன்பதாவது வளைவில் ஒரு ஷரத்து

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர், சேர்வராயன் குகையில் நள்ளிரவில் சாத்தானைச் சந்தித்து, செல்வத்துக்காக ஆன்மாவை விற்கிறார். சிரிப்பும் திகிலுமாக எழுதிய கதை. படித்தவர்கள் சிரிக்கவுமில்லை, பயப்படவுமில்லை. பிரதியை இணைத்துள்ளேன். எங்கே தவறு?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: 'செல்வம்' என்ற சொல்லில். இத்தனை மொத்தையாகக் கேட்டால் சாத்தான் எந்த இடத்தில் கை வைப்பான்? இவ்வகைக் கதைக்கு உயிரே வார்த்தையின் சந்துபொந்துதான். இரணியன் பகலிலும் இரவிலும் சாகக் கூடாதென்று வரம் வாங்கினான்; அந்திப்பொழுதை மறந்தான். விக்கிரமாதித்தனுக்குச் சிம்மாசனத்தில் 1000 ஆண்டு என்றான் இந்திரன். காடாறு மாதம் நாடாறு மாதம் என்று அவன் மந்திரி பட்டி அதை 2000 ஆக்கிவிட்டான்.

கதைக்கு முன் பத்திரத்தை எழுதிப் பாருங்கள். கேட்பது, விலை, கெடு, எல்லை. ஒரு பக்கம் போதும். கேட்பது சின்னதாக இருக்கட்டும்: 'மார்ச்சில் என் தோட்டத்துக்கு மழை தவறக் கூடாது.' காபியில் மழை விழுந்து எட்டு, பத்து நாளில் பூ விரியும். விரிந்த நேரத்தில் மறுபடி கொட்டினால் மகரந்தம் வீணாகிக் காய் பிடிக்காது. சாத்தான் 31 நாளும் பெய்யவைக்கிறான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே நாள் மழையில் வெள்ளைவெளேரென்று பூத்துக் கிடக்கிறது. சொன்ன சொல் தவறவில்லையே! அவனை யோக்கியனாகவே வையுங்கள்; பித்தலாட்டம் மனிதர் பக்கம் இருக்கட்டும்.

ஆன்மா விலையாக எடுபடாது. போனால் எங்கே வலிக்கும்? தவணையில் பிடுங்குங்கள்: முதலில் நாக்கிலிருந்து காபியின் ருசி, அடுத்து மகளின் பெயர். அங்கே அழுகை வேண்டாம், ரசீது போதும்: 'பெற்றது: மகள் பெயர், ஒன்று. பாக்கி: மூன்று.'

குகையை விட்டுவிடுங்கள். அது கோயில், மலைமக்களின் சாமி இருக்குமிடத்தில் இவனுக்கென்ன வேலை? சேலத்திலிருந்து ஏறும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரவையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கொரு ஷரத்து. ஒன்பதாவதில் தோட்டக்காரருக்குக் குமட்டல்; காதில் எதுவும் விழாமல் தலையை மட்டும் ஆட்டுகிறார். கதையைக் கவிழ்ப்பது அந்த ஷரத்துதான். ஆனால் வாசகர் காதில் அது முழுசாக விழுந்திருக்க வேண்டும். கடைசியில் பையிலிருந்து எடுத்து நீட்டினால் ஏமாற்றியது சாத்தான் அல்ல, நீங்கள். இருபதையும் எழுதாதீர்கள், நான்கு போதும். கால்வாசிக் கதைக்குள் கையெழுத்து விழ வேண்டும். உங்கள் பிரதியில் ஒன்பது பக்கம். கையெழுத்து ஏழாம் பக்கத்தில்.