குட்டி நம்பர்ல கை வைக்கக் கூடாது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், என் பொண்ணு 9ஆம் வகுப்பு படிக்கிறா. தண்ணின்னா ஹெச்2ஓ-ன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவா. ஆனா ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணியாகுற சமன்பாட்டை பேலன்ஸ் பண்ணச் சொன்னா அதையே ஹெச்2ஓ2-ன்னு மாத்திட்டு ரெண்டு பக்கமும் அணு எண்ணிக்கை சரியாயிடுச்சுங்கறா. மிஸ் தப்பு போட்டுட்டாங்க. ஒரே ஒரு 2 தானே, அதுல என்ன வந்துடப் போகுது? (ஒரு வாசகி, விருதுநகர்)

பதில்: பாப்பாவைத் திட்டாதீங்கம்மா, நிறைய பேர் தடுக்கி விழுற இடம் இது. கணக்கா பார்த்தா அவ எழுதினது சரிதான், ஹைட்ரஜன் ரெண்டு ஆக்சிஜன் ரெண்டு அந்தப் பக்கம் இருந்துச்சு, இந்தப் பக்கமும் இருக்கு. ஆனா அவ எழுதின பொருள் தண்ணியே இல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு, மெடிக்கல்ல புண்ணு கழுவ குடுப்பாங்களே அந்த பாட்டில். அதைக் கண்ணால காட்டிடுங்க. பச்சை உருளைக்கிழங்கை வெட்டி ரெண்டு துண்டு வச்சு, ஒண்ணு மேல குடிதண்ணி ரெண்டு சொட்டு, இன்னொண்ணு மேல அந்த மருந்து ரெண்டு சொட்டு, நீங்களே விடுங்க, பாப்பா கையில குடுக்காதீங்க. தண்ணி விட்டது அப்படியே வழிஞ்சு போயிடும். மருந்து விட்டது வெள்ளையா நுரைச்சு பொங்கும், ஏன்னா கிழங்குல இருக்கிற கேட்டலேஸ்ங்கற என்சைம் அதை உடைச்சு தண்ணியாவும் ஆக்சிஜனாவும் பிரிச்சு விட்டுடுது, அந்த நுரைக்குள்ள இருக்கிறது ஆக்சிஜன். ஒரு குட்டி 2 பண்ற வேலை இது. பார்த்துட்டு அந்தத் துண்டைக் குப்பையில போட்டுடுங்க.

இப்ப பேலன்ஸ் எப்படின்னா, தரையில உக்காந்து பச்சைப்பயறு, புளியங்கொட்டை எடுத்துக்கங்க. பயறு ஹைட்ரஜன், கொட்டை ஆக்சிஜன். ரெண்டு வாயுவுமே ஜோடி ஜோடியாத்தான் திரியும், அதனால ஒரு ஜோடி பயறு, ஒரு ஜோடி கொட்டை வைங்க. தண்ணி ஒண்ணு கட்ட ரெண்டு பயறு ஒரு கொட்டை போதும், ஒரு கொட்டை மிச்சம் நிக்குது பாருங்க. பாப்பா என்ன பண்றான்னா அந்த மிச்சக் கொட்டையையும் அதே தண்ணிக்குள்ள திணிக்கிறா. திணிக்காம இன்னொரு ஜோடி பயறு கொண்டு வரச் சொல்லுங்க, தானா ரெண்டாவது தண்ணி வந்துடும். அதைத்தான் 2ஹெச்2 + ஓ2 சேர்ந்து 2ஹெச்2ஓ-ன்னு எழுதுறோம். முன்னாடி நிக்கிற பெரிய 2 எத்தனை மூலக்கூறுன்னு சொல்லுது, அதை நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாம். கீழ ஒட்டிக்கிட்டு இருக்கிற குட்டி 2 அந்தப் பொருளோட அடையாளம், அதுல கை வைக்க நமக்கு உரிமை கிடையாது.

கேள்வி: சி, ஓ ரெண்டையும் பெரிய எழுத்துல எழுதினா என்ன, ஓ-வை சின்னதா எழுதினா என்ன, எதுக்கு மார்க் குறைக்கிறாங்க? (10ஆம் வகுப்பு மாணவர், தேனி)

பதில்: ஓ சின்னதுன்னா கோபால்ட் தம்பி, ஒரே தனிமம், உலோகம். ரெண்டும் பெருசுன்னா கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு, மூடின ரூம்ல கரி அடுப்பு எரிஞ்சா ஆளையே கொல்ற விஷவாயு. பெரிய எழுத்து வந்தா புதுசா ஒரு தனிமம் ஆரம்பிக்குதுன்னு படிங்க, குழப்பமே வராது.

கேள்வி: எனக்கு 52 வயசு, பிரஷர் இருக்கு. டாக்டர் சோடியத்தைக் குறைங்கன்னார். பையன் புத்தகத்துல பார்த்தா சோடியத்தைத் தண்ணியில போட்டா தீப்பிடிக்கும்னு இருக்கு. அப்ப நாங்க உப்பளத்துல அள்ளுறது என்ன சார்? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: நல்ல கேள்வி அண்ணாச்சி. பையன் படிக்கிறது சோடியம்ங்கற தனிமத்தை. கத்தியால வெட்டுற அளவுக்கு மெத்துன்னு இருக்கிற உலோகம், காத்தும் ஈரமும் படக்கூடாதுன்னு மண்ணெண்ணெய்க்குள்ள போட்டு வைப்பாங்க. அதோட ஜோடி குளோரின், பச்சையும் மஞ்சளுமான வாயு, 1915ல பெல்ஜியத்துல ஈப்ர பக்கம் போர்ல ஜெர்மன் படை எதிரிங்க மேல திறந்துவிட்டது இதைத்தான். இந்த ரெண்டும் சேரும்போது சோடியம் தன்கிட்ட இருந்து ஒரு எலக்ட்ரானைக் குளோரினுக்குக் குடுத்துடுது, குடுத்ததுக்கு அப்புறம் ரெண்டுக்கும் பழைய குணம் போயிடுது. நீங்க அள்ளுறது அந்தச் சேர்மம், சோடியம் குளோரைடு. சும்மா கலந்து வச்ச கலவையா இருந்தா ரெண்டும் அதது குணத்தோடயே இருந்திருக்கும், வாயில வைக்க முடியுமா?

சோடியத்தோட குறியீட்டுல என், ஏ-ன்னு இருக்கிறது நேட்ரியம்ங்கற லத்தீன் பேர்ல இருந்து வந்தது, ஆங்கிலப் பேருக்கும் அதுக்கும் சம்பந்தம் தேடாதீங்க.

டாக்டர் சொன்ன கணக்கும் இதே வாய்ப்பாட்டுலதான் இருக்கு. சோடியம் அணுவோட எடை 23, குளோரின் 35.5, கூட்டினா 58.5. அதாவது 58.5 கிராம் உப்புல 23 கிராம்தான் சோடியம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள்ள வச்சுக்கங்கன்னு சொல்லுது, அதுல சோடியம் சுமார் 2 கிராம். இனிமே மிக்சர் பாக்கெட் வாங்கினா பின்னாடி திருப்பிப் பாருங்க, சோடியம்னு போட்டிருக்கிற மில்லிகிராமை இரண்டரையால பெருக்குங்க. 400னு இருந்தா அது 1 கிராம் உப்புக்குச் சமம், ஆனா அந்த 400 முழு பாக்கெட்டுக்கா இல்ல 100 கிராமுக்கான்னும் சேர்த்துப் படிச்சுக்கங்க.