கிளட்ச் பில் கையில், விற்பதா வைத்துக்கொள்வதா?

கேள்வி: எங்கள் கார் வாங்கி 13 வருடம் ஆகிறது. பெட்ரோல் வண்டி, சாதாரண கியர். 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வருடம் வரை சர்வீசுக்கு மட்டும்தான் பட்டறைக்குப் போகும். இந்த ஒரு வருடத்தில் முன்பக்க சஸ்பென்ஷன், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர் என்று வரிசையாகச் செலவு. இப்போது கிளட்ச் போய்விட்டது, டைமிங் பெல்ட்டையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவர் சொல்லும் தொகை, காரை விற்றால் கிடைக்கும் விலையில் பாதிக்கு மேல். ‘பேசாமல் புதுசு வாங்கிவிடலாம்’ என்கிறார்கள் வீட்டில். இவ்வளவு செலவழித்துவிட்டு விற்க எனக்கு மனசு வரவில்லை. மெக்கானிக் மீதும் லேசாகச் சந்தேகம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ‘இவ்வளவு செலவழித்துவிட்டு’ என்பதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். விற்றாலும் வைத்துக்கொண்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. ஆனால் அந்தப் பணத்தில் வாங்கிய பாகங்கள் வண்டியில்தான் இருக்கின்றன. புது ஆல்டர்னேட்டரும் சஸ்பென்ஷனும் இன்னும் பல வருடம் தொல்லை தராமல் ஓட வாய்ப்பு உண்டு. நீங்கள் விற்றால் அந்த நிம்மதி வாங்குபவருக்குப் போகும், அதற்காக அவர் தனியாக விலை ஏற்றித் தரமாட்டார்.

எல்லாம் ஒரே வருடத்தில் வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு காரில் தேயும் பாகங்கள் பலவற்றுக்கும் ஆயுள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். ரப்பரால் ஆன புஷ், ஹோஸ், பெல்ட் எல்லாம் ஓடிய தூரத்தால் மட்டுமல்ல, வயதாலும் இறுகி வெடிக்கும். அதனால் நீண்ட நாள் செலவே இல்லாமல் ஓடிவிட்டு, பத்து வருடம் தாண்டியதும் மொத்தமாகக் கை நீட்டுவது பழைய கார்களின் வழக்கம். இதே வேகத்தில் அடுத்த வருடமும் செலவு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். கம்ப்ரசரும் கிளட்சும் வருடாவருடம் மாற்றுகிற சாமான்கள் இல்லை.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. ‘சர்வீசுக்கு மட்டும்தான் போகும்’ என்கிறீர்களே, அந்த சர்வீசில் என்ன நடந்தது? பல வண்டிகளில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, கழுவித் துடைத்துக் கொடுப்பதற்குப் பெயர்தான் சர்வீஸ். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில் பக்கம் யாரும் போவதில்லை. கூலன்ட்டில் துருப்பிடிக்காமல் காக்கும் ரசாயனம் சில வருடங்களில் வலுவிழந்துவிடும். அதன்பிறகு ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் உள்ளேயே அரிக்கத் தொடங்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது பெடல் பொதபொதவென்று உள்ளே போகும். அதனால்தான் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள் பல தயாரிப்பாளர்கள். பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். இவையெல்லாம் அவற்றில் இல்லை என்றால், உங்களைப் பயமுறுத்தும் செலவில் ஒரு பகுதி தள்ளிப்போட்ட பராமரிப்பு.

இப்போது மெக்கானிக். டைமிங் பெல்ட் விஷயத்தில் அவரைச் சந்தேகிக்க வேண்டாம். இன்ஜினில் வால்வுகளும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று ஒத்து இயங்கச் செய்யும் அந்த பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கிலும் வருடக் கணக்கிலும் கெடு உண்டு, எது முதலில் வருகிறதோ அதற்குள் மாற்ற வேண்டும். உங்கள் வண்டிக்கான கெடு கையேட்டில் இருக்கும். 13 வருடத்தில் இதுதான் முதல் தடவை என்றால், இத்தனை நாள் அது அறுந்துபோகாததே பெரிய விஷயம். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்த அடுத்த நொடி பிஸ்டன் போய் வால்வில் மோதும். வால்வு வளையும், சிலசமயம் பிஸ்டனும் சேதமாகும். பெல்ட் மாற்றுகிற செலவு அந்த ரிப்பேருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கூடவே வாட்டர் பம்பையும், பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரையும் மாற்றச் சொன்னாலும் சரி என்று சொல்லுங்கள். பல வண்டிகளில் பம்பைச் சுற்றுவதே அந்த பெல்ட்தான். இன்று விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து பம்ப் ஒழுகினால், இதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும்.

கிளட்சும் அப்படித்தான். கியர்பாக்ஸைக் கீழே இறக்கினால்தான் அதைத் தொடவே முடியும், கூலியில் பெரும்பங்கு அதற்கே போகும். இறக்கிய பிறகு கிளட்ச் தட்டை மட்டும் மாற்றி, பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைப் பழையதாகவே விடுவது சிக்கனம் ஆகாது. கிளட்ச் உண்மையிலேயே போய்விட்டதா என்பதை நீங்களே சோதிக்கலாம். மேல் கியரில் போகும்போது ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் அதற்கேற்ப ஏறவில்லை என்றால் மெக்கானிக் சொன்னது சரி.

வேலையைக் கொடுப்பதற்கு முன் பாகத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார். நான் சந்தேகப்படுவது வேறு ஒரு வகை மெக்கானிக்கை. வண்டியின் கம்ப்யூட்டரில் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகுவார், ஏதோ ஒரு சென்சார் பெயர் வரும், உடனே அதை மாற்றிவிடுவார். ஸ்கேனர் சொல்வது கோளாறு எந்தப் பக்கம் என்று மட்டும்தான். பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று அது சொன்னால், வெடித்த ஒரு சின்ன ரப்பர் குழாய்கூடக் காரணமாக இருக்கலாம். அதைத் தேடாமல் சென்சாரை மாற்றினால், பணமும் போகும், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் மறுபடி எரியும்.

காரின் விலையில் பாதியைத் தாண்டினால் ரிப்பேர் செய்யாதே என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பழைய கார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் சந்தையில் அதன் விலை குறைவுதான், அந்த விலையோடு ஒப்பிட்டால் எந்த பில்லும் பயங்கரமாகத்தான் தெரியும். நீங்கள் ஒப்பிட வேண்டியது, இதற்குப் பதிலாக வாங்கப்போகும் காருக்கு ஒரு வருடத்தில் ஆகும் செலவோடு. கடன் வட்டி, கூடுதல் இன்சூரன்ஸ், முக்கியமாக விலை இறக்கம். புதுக் காரின் விலை முதல் ஓரிரு வருடங்களில்தான் வேகமாகச் சரியும், அந்தச் செலவுக்கு யாரும் பில் அனுப்புவதில்லை என்பதால் கண்ணில் படுவதில்லை. இந்த வருட ரிப்பேர் மொத்தத்தையும் 12ஆல் வகுத்து, புதுக் காரின் மாதத் தவணைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் தவணைதான் பெரிதாக இருக்கும்.

ஆனாலும் விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லக்கூடிய நிலைமைகள் உண்டு. அடிப்பகுதியில், அதிலும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களில், துரு ஊடுருவியிருந்தால் மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். தேய்ந்த பாகத்தை மாற்றிவிடலாம், அரித்துப்போன கூட்டை மாற்ற முடியாது. இன்ஜின் அடிக்கடி சூடேறி, கூலன்ட் எங்கே போகிறது என்றே தெரியாமல் குறைந்தால் இன்ஜினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் இடையே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் வரை பிரச்சினை போயிருக்கலாம். சைலன்சரில் நீலப்புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். உங்கள் மாடலுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கத் தாமதமாகிறது என்றால் அதுவும் ஒரு எச்சரிக்கைதான்.

வீட்டில் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கலாம். இரவு நேரத்தில் நோயாளியை அழைத்துப்போக இந்த ஒரு வண்டிதான் என்றால், நின்றுபோகாத வண்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவு இல்லை. உங்கள் காரில் ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதுகாப்புக்காக மாற்றுவது என்றால் நான் தடுக்கமாட்டேன். செகண்ட் ஹேண்ட் வாங்கலாம் என்று பேச்சு வந்தால் மட்டும் யோசியுங்கள். உங்கள் வண்டியின் வரலாறு உங்களுக்குத் தெரியும், அந்த வண்டியின் வரலாற்றை விற்பவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், கிளட்ச் வேலைக்குச் சரி சொல்வதற்கு முன், இந்தப் பட்டறையோடு சம்பந்தமில்லாத இன்னொரு மெக்கானிக்குக் காசு கொடுத்து, வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்வேன். இன்ஜின் கம்ப்ரஷனையும், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்பதையும், சோதிக்கச் சொல்வேன். இரண்டும் நன்றாக இருந்தால் கிளட்ச், பெல்ட், பம்ப் எல்லாம் ஒரே தடவையில் முடித்துவிட்டு, இன்னும் சில வருடம் ஓட்டுவேன். ஏதாவது ஒன்று மோசம் என்றால் பணத்தை இறைக்காமல், இருக்கிற நிலையைச் சொல்லியே விற்றுவிடுவேன். லிஃப்டில் இருக்கும்போதே டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். 2315 என்றிருந்தால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. அப்படி 10 வருடம் தாண்டிய டயர் என்றால், பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கிளட்சுக்கு முன் அதை மாற்றுங்கள்.